இடது காலின் வெளி ஓரம்

ஏப்ரல் 6

பம்பரத்துக்கு,

சித்தி எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், முட்டி வீக்கம் வற்றியதா, சரியாகத் தூங்குகிறாயா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரே வரியில் மூன்றையும் போட்டு மூடிவிடாதே.

எனக்கு ஐந்தாவதுக்கு மேல் படிப்பில்லை என்பது உனக்குத் தெரியும். எழுத்து மேலும் கீழும் போகும், பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் விடுதி வார்டன் போனைக் கையில் கொடுக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் நாம் பேசுவது பேச்சாகவா இருக்கிறது? நீ “அப்புறம்?” என்கிறாய். நான் “நீதான் சொல்லணும்” என்கிறேன். நீ மறுபடியும் “அப்புறம்?” அதற்குள் வரிசையில் அடுத்த பெண் செருமுகிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அப்பா போய் நாலு மாதம். அவர் போன ஆறாவது வாரம் நீ கால்பந்து மைதானத்தில் விழுந்தாய். எனக்கு இரண்டும் ஒரே நாளில் நடந்தது மாதிரி இருக்கிறது.

சலவைக் கூடத்தில் என்னை உருளை மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். ஈரமான படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் நான் நுழைக்கிறேன், அந்தப் பக்கம் சுடச்சுட வெளியே வருகிறது, இரண்டு பேர் இழுத்து மடிக்கிறார்கள். சத்தத்தில் யார் பேச்சும் கேட்காது. எனக்கு அதுதான் வசதி.

முன் அறையை நான் திறக்கவில்லை. அவருடைய பூட்ஸ் பட்டறைச் சாமானெல்லாம் போட்டது போட்டபடி இருக்கிறது. தெருக்கதவு அந்த அறையில்தானே? ஆகையால் பின்பக்கச் சந்தில்தான் போக்குவரத்து. மேல்மாடிக்காரியின் துணிக்கொடிக்குக் குனிந்து, அவள் வீட்டு சைக்கிளுக்கு ஒதுங்கி வெளியே வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது. “ஏங்க, முன்வாசல் இருக்கும்போது எலி மாதிரி ஏன் இந்த வழியா போறீங்க?” என்றாள். “பூட்டு துருப்பிடிச்சுடுச்சு” என்று சொல்லிவைத்தேன்.

என்ன வேண்டும் என்று எழுது, அனுப்புகிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
சித்தி

*

ஏப்ரல் 20

அன்புள்ள சித்திக்கு,

தனித்தனியாகவே எழுதுகிறேன். நான் சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், அந்த அளவுக்கு நன்றாக இருக்கிறேன். வீக்கம் காலையில் இருப்பதில்லை, சாயங்காலம் வந்துவிடுகிறது. தூக்கம் அதன் இஷ்டத்துக்கு வருகிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

என் அறை மூன்றாவது மாடி. ஐம்பத்திரண்டு படி. லிஃப்ட் நான் வந்ததிலிருந்தே பழுது. ஊன்றுகோலை வைத்துக்கொண்டு ஒரு தடவை இறங்கினால் மறுபடி ஏற அரை மணி நேரம் ஆகிறது. அதனால் சிகிச்சை முடிந்ததும் நேராக அறைதான். கூட இருப்பவள் கோல்கீப்பர். நடையைப் பார்த்து எல்லோரும் அவளை வாத்து என்பார்கள், அவளும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்புவாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கடைசிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் மைதானம் தெரிகிறது. அந்த ஒரு முழத்துக்குள் பந்து வரும், போய்விடும். யார் உதைத்தது, எங்கே போனது, ஒன்றும் தெரியாது.

கோச் அந்த ஆட்டத்தின் வீடியோவைக் காட்டினார். நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். எப்போதும்போல இடது காலை ஊன்றி வெட்டித் திரும்புகிறேன். பக்கத்தில் ஆளே இல்லை. யாரும் இடிக்கவில்லை. சும்மா விழுகிறேன். ஒருத்தி உதைத்துத் தள்ளியிருந்தால் அவளைத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன் சித்தி. என் முட்டி தானாக விட்டுவிட்டது. பத்து வருஷம் சொன்னபடி கேட்ட கால், காரணமே இல்லாமல் ஒரு நாள் விட்டுவிட்டது. இனி எதை நம்பி அதை ஊன்றுவது?

அன்று என் பூட்ஸை நீங்கள்தான் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனீர்கள். அதை அனுப்பிவையுங்கள். இப்போது போட முடியாது, தெரியும். அப்பா கடைசியாகச் சரிசெய்து வைத்தது. கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும்.

அன்புடன்,
பம்பரம்

*

மே 3

பம்பரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இத்துடன் காலுறை நாலு ஜோடி, துவாலை இரண்டு, தலையணை உறை ஒன்று அனுப்பியிருக்கிறேன். உறையை நம் மெஷினில் கொடுத்து எடுத்தேன், மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். “யாருக்கும்மா இது, ஓட்டல் கணக்கிலயே இல்லையே?” என்றார். “என் பொண்ணுக்கு சார்” என்றேன். “ஒண்ணு போதுமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எப்போதும் எரிந்து விழுகிற மனிதன், அன்றைக்கு என்னவோ.

படியில் பிடித்து நட. அவசரம் வேண்டாம். இன்னும் எழுத இருந்தது, பேனா மக்கர் பண்ணுகிறது.

சித்தி

*

ஜூன் 28

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருக்கிறீர்களா? போன கடிதத்துக்கு நான் தாமதமாக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஊன்றுகோல் போய்விட்டது. பெல்ட் மெஷினில் ஓடுகிறேன், நேராக. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடுவேன். ஓடி ஓடி அதே இடத்தில் இருக்கிறேன். டாக்டர், தைத்த ஜவ்வு நன்றாகக் கூடிவிட்டது என்கிறார். ஆனால் தரையில் பிளாஸ்டிக் கூம்பு வைத்து, சுற்றித் திரும்பச் சொன்னால் போச்சு. உடம்பு திரும்பும், இடது கால் நின்றுவிடும். நானேதான் நிறுத்துகிறேன். வேண்டுமென்று நிறுத்தவில்லை. பயிற்சி கொடுக்கிற பிசியோ அக்கா, “கூம்பு ஒண்ணும் கடிக்காது, போ” என்கிறார். எனக்குக் கூம்பிடம் பயமில்லை.

கோச் போன வாரம் கூப்பிட்டுப் பேசினார். நவம்பர் பதினைந்தாம் தேதி பயிற்சி ஆட்டம். அதில் இறங்கி ஆடினால் என் பெயர் அணிப் பட்டியலில் இருக்கும். இல்லாவிட்டால் அறையைக் காலிசெய்ய வேண்டும். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். மறுநாளே ஒரு புதுப் பெண்ணை அழைத்துவந்து விடுதியைச் சுற்றிக் காட்டினார்கள். அவள் என் கட்டிலைப் பார்த்தாள், அளவெடுக்கிற மாதிரி. நான் போர்வையை இழுத்து விட்டேன்.

பூட்ஸ் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். அப்பா சரிசெய்த பூட்ஸைப் போட்டால் கால் கேட்குமோ என்று ஒரு எண்ணம். அனுப்புங்கள் சித்தி.

அன்புடன்,
பம்பரம்

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள சித்திக்கு,

பார்சல் வந்தது. போர்வை, சோப்பு, தைலம் எல்லாம் இருந்தது. கடிதம் இல்லை. பூட்ஸும் இல்லை. இவ்வளவு தூரம் நடந்து வர அதற்குக் கால் வலிக்கிறது போலிருக்கிறது.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. கூம்பு சுற்றித் திரும்புகிறேன். தினமும் மைதானம் போகிறேன். கவலை வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்பரம்

*

ஆகஸ்ட் 28

ஆன்ட்டிக்கு வணக்கம்,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான்தான் வாத்து. உறையின் பின்னால் இருந்த முகவரியைப் பார்த்து எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என் கழுத்தைத் திருகிவிடுவாள், எனக்குக் கழுத்தும் கொஞ்சம் நீளம்.

அவள் கீழே இறங்கி மூன்று வாரம் ஆகிறது. சிகிச்சைக்கும் போவதில்லை. தலைவலி, வயிற்றுவலி, தினம் ஒரு வலி. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுந்துபோய், வார்டன் மாடிக்கே கொண்டுவரும் போனில் உங்களிடம் “ஓடுறேன், திரும்புறேன்” என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்கிறாள்.

நான் சும்மா இருப்பேனா? நேற்றுச் சண்டை போட்டேன். “டாக்டரே சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டார். உனக்கு என்னடி?” என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எது கெட்டுச்சுன்னு தெரிஞ்சாதானே சரியாச்சா இல்லையான்னு தெரியும்? ஒண்ணுமே இல்லாம விட்ட கால், நாளைக்கும் ஒண்ணுமே இல்லாம விடும்.” இதற்குப் பதில் யாரிடம் கேட்பேன் ஆன்ட்டி? உங்களிடம் இருக்கிறதா?

நவம்பருக்கு அதிக நாள் இல்லை. எப்படியாவது அவளை எழுப்பிவிடுங்கள்.

பணிவுடன்,
வாத்து

*

செப்டம்பர் 3

பம்பரத்துக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. வாத்து எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. திட்டுவதற்கு ஆள் நான் இருக்கிறேன், இதைப் படி.

நீ காரணம் இல்லாமல் விழவில்லை. காரணம் நான்.

அது அப்பா கடைசியாகச் சரிசெய்து வைத்த பூட்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். படுக்கையில் விழுந்த பிறகு அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் நான்தான் அவர் முக்காலியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து நூல் மெழுகிக் கொடுத்தவள், பசை கிண்டிக் கொடுத்தவள் என்ற தைரியம். பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். தரையில் வழுக்காமல் இருக்க அடியில் திருகியிருக்கிற ஸ்டட் குமிழ்களில், இடது காலின் வெளி ஓரத்தில் இருந்த இரண்டும் மற்றதைவிடக் குட்டை. தேய்ந்துபோச்சு, மழை பெய்து தரை வேறு ஈரம், பிள்ளை வழுக்கி விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். டப்பாவிலிருந்து புதுசாக, முழு உயரத்தில் இரண்டு எடுத்துத் திருகினேன். ஆடாமல் இறுக்கினேன். துடைத்து, காகிதத்தில் சுற்றி உன்னிடம் கொடுத்தேன். “அப்பா சரிபண்ணி வெச்சிருந்ததா?” என்று கேட்டாய். அப்போது உன் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அப்பாவிடம் பழுதுபார்க்கக் கொடுத்ததைக் கேட்டு ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். யாருடையது எது என்று பார்க்க அவர் நோட்டை எடுத்தேன். உனக்கு ஒரு பக்கம் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘பம்பரம். இடது கால், வெளி ஓரம் இரண்டையும் அரத்தால் ராவிக் குறைக்கவும். சட்டென்று திரும்புவாள், பூட்ஸ் தரையைப் பிடிக்கக் கூடாது.’ அவர் வேண்டுமென்றே குறைத்து வைத்ததை நான் தேய்ந்தது என்று மாற்றிவிட்டேன். புதுசு ஈரத் தரையில் இறங்கிப் பிடித்துக்கொண்டது. நீ திரும்பினாய், கால் திரும்பவில்லை.

வந்தவரைப் பிறகு வரச் சொல்லிவிட்டு அன்றைக்குப் பூட்டியதுதான் முன் அறை. துருவும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் பூட்ஸ் உள்ளேதான் இருக்கிறது.

மேல்மாடிக்காரி அந்த வாரமே என் காதில் விழுகிற மாதிரி யாரிடமோ சொன்னாள், “அப்பன் கண்ண மூடினான், சித்திக்காரி கைக்கு வந்ததும் பொண்ணு கால் போச்சு.” அவளுக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னாள். தெரிந்தால்? பெற்றவள் செய்திருந்தால் கைத்தவறு என்பார்கள். நான் செய்ததற்கு வேறு பேர் வைப்பார்கள். அந்தப் பேரை நீயும் வைத்துவிடுவாயோ என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

உன் கால் மேல் குற்றமில்லை. எழுந்து கீழே போ.

சித்தி

*

செப்டம்பர் 29

பம்பரத்துக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வார்டன், “அவ வரலைன்னு சொல்லச் சொன்னா” என்றார். சரி.

திட்டியாவது எழுது. வெறும் தாளை அனுப்பினாலும் போதும், நீ மடித்தது என்று தெரிந்துகொள்வேன்.

சித்தி

*

அக்டோபர் 17

சித்திக்கு,

நான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று வந்த கோபத்தை எனக்கு எழுதத் தெரியாது. ஆறு கடிதம் எழுதினேன், ஆறையும் கிழித்தேன். வாத்து குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, “யாருக்குடி இவ்ளோ காதல் கடிதம்?” என்றாள். அவள்மேல் தலையணையை எறிந்தேன். பிடித்துவிட்டாள். நல்ல கோல்கீப்பர்.

ஐந்தாவது நாள் கீழே இறங்கிப் பிசியோ அக்காவிடம் வீடியோவைக் காட்டி, “ஸ்டட் நீளமா இருந்தா இப்படி ஆகுமா?” என்று கேட்டேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தார். “பாரு, உன் பாதம் அசையவே இல்ல. தரை பிடிச்சிருக்கு. மேல உடம்பு மொத்தமும் திரும்பிடுச்சு. முட்டி என்ன பண்ணும், அது இரும்பா?” என்றார். நாற்பது தடவை பார்த்தும் நான் பாதத்தைப் பார்க்கவில்லை சித்தி. முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எட்டு மாதமாக அந்தக் காலை வீட்டில் திருடினவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்திருக்கிறேன். படுக்கும்போதுகூடத் தள்ளி வைத்துப் படுத்திருக்கிறேன்.

அடுத்த நாள் சாதாரண ரப்பர் ஷூவில் கூம்பைச் சுற்றி நடந்தேன். பிறகு மெதுவாக ஓடினேன். ஒன்பதாவது நாள் இடது காலை ஊன்றித் திரும்பினேன். விழவில்லை. உடனே மறுபடியும் திரும்பினேன், முதல் தடவை தவறுதலாக நடந்துவிட்டதோ என்று.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூட்ஸை மாற்றியதற்காக எனக்குக் கோபமில்லை. யார் வேண்டுமானாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஏப்ரலிலேயே எழுதினேனே, காரணமே இல்லாமல் விட்டது என்று. அதைப் படித்துவிட்டு எனக்குக் காலுறை அனுப்பினீர்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை?

பூட்ஸ் அனுப்ப வேண்டாம். வாத்தின் பழைய ஜோடி, இரண்டு காலுறை போட்டால் சரியாக இருக்கிறது. ஆட்டத்துக்கும் வர வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்க்க இன்னும் எனக்கு ஆகவில்லை.

பம்பரம்

*

அக்டோபர் 25

பம்பரத்துக்கு,

கடிதம் வந்தது. நீ திரும்பிய இடத்தைப் பல தடவை படித்தேன். மெஷினில் விரிப்பை நுழைக்காமல் நின்றுவிட்டேன். சூப்பர்வைசர், “என்னம்மா, மெஷினுக்கு லீவா?” என்று கத்தினார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டாய். உனக்கு வருத்தமாக இருக்குமே என்று பயந்தேன் என எழுதிவிட்டு அடித்தேன். பொய். எனக்காகத்தான் பயந்தேன். அவர் போன பிறகு எனக்கு என்று மிஞ்சியது நீ ஒருத்தி. பிறந்த பந்தமும் இல்லை, பிடித்து நிறுத்த ஒரு உரிமையும் இல்லை. நீ வேண்டாம் என்றால் அன்றோடு நான் யாரோ. உன் காலைவிட என் இடத்தைப் பெரிதாக நினைத்துவிட்டேன்.

முன் அறையைத் திறந்தேன். கேட்க ஆள் வராத பூட்ஸ் பதினோரு ஜோடி இருந்தது, எல்லாம் பூஞ்சை. துடைத்து, வெயிலில் வைத்து, ஒவ்வொருத்தர் வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். செய்ய வேண்டிய வேலையை நான் தொடவில்லை. அப்படியே கொடுத்து, “வேற ஆளிடம் பாத்துக்குங்க” என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவர், “இதுக்குத் தாடி முளைச்சிருக்கேம்மா” என்றார். சிரித்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல்.

ஆட்டத்துக்கு வர மாட்டேன். பார்த்து ஆடு என்று சொல்லவும் எனக்கு வாயில்லை.

சித்தி

*

நவம்பர் 17

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். நீங்கள்?

ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பாதியில் கோச் என்னை இருபத்தைந்து நிமிடம் இறக்கினார். முதல் பந்து வந்தது. திரும்ப வேண்டிய இடம், பயந்து பின்னால் தட்டிவிட்டேன். கோச் தலையில் கை வைத்ததைப் பார்த்தேன். இரண்டாவது பந்துக்கு ஒருத்தி வேகமாக வந்து இடித்தாள். விழுந்தேன். நான் தரையில் கிடந்தபடி என்ன நினைத்தேன் தெரியுமா? ‘அப்பாடா, இவ இடிச்சுதான் விழுந்தேன்.’ சந்தோஷமாக இருந்தது. தூரத்தில் கோல் கம்பத்தின் கீழிருந்து வாத்து, “எழுந்திரிடி, போதும் நாடகம்!” என்று கத்தினாள். எழுந்தேன்.

மூன்றாவது பந்தில் இடது காலை ஊன்றித் திரும்பினேன், இடது பக்கம். எதிரில் நின்றவள் வலது பக்கம் போய்விட்டாள். ஓங்கி உதைத்தேன், கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டது. போகட்டும். பட்டியலில் என் பெயர் இருக்கிறது.

பட்டியலில் வந்தவர்கள் புதிதாகப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடிபட்டால் யாருக்குச் சொல்வது என்று ஒரு கட்டம். முன்பு அங்கே அப்பா பெயர் இருந்தது. உங்கள் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் சித்தி என்று எழுதினேன். ஆபீஸ் கிளார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “அம்மா இல்லையாம்மா?” என்றார். “சித்தி இருக்காங்க” என்றேன். “பெத்தவங்க, இல்லேன்னா ரத்த சொந்தம்தான் வழக்கமா எழுதுவாங்க” என்று இழுத்தார். “எனக்கு இவங்கதான் சார். அவங்ககிட்டயே சொல்லுங்க” என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வருவேன், இருக்கிற கோபத்தோடுதான் வருவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
பம்பரம்

*

நவம்பர் 26

பம்பரத்துக்கு,

சுகமாக இருக்கிறேன். கோபத்தையும் எடுத்துக்கொண்டு வா, வீட்டில் இடம் இருக்கிறது.

படிவம் வந்தது. சலவைக் கூடத்தில் மடிப்பு மேஜைமேல் விரித்து வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். கூட மடிப்பவள், “என்னக்கா அது, வேலைக்கு மனுவா?” என்றாள். “இல்ல, எம்பொண்ணு ஏதோ கேட்டிருக்கா” என்றேன். சூடான துணிமேல் வைத்ததால் ஒரு முனை கொஞ்சம் சுருண்டிருக்கிறது, மன்னிக்கச் சொல்.

கீழே பொடி எழுத்தில் ‘கையெழுத்து கட்டத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று போட்டிருக்கிறது. பெயரை முழுசாக எழுதினேனா, கட்டம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. செல்லுமா, இல்லை வேறு படிவம் அனுப்புகிறாயா என்று அந்த கிளார்க்கிடம் கேட்டு எழுது. செல்லாது என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டு அனுப்புகிறேன்.

சித்தி